வைல்ட்கேட் ரைபிளா? வீட்ல நீங்க கை வைக்க வேண்டியது கட்டைல மட்டும்தான்

வைல்ட்கேட் காலிபர்ல ஒரு வேட்டை ரைபிள் செஞ்சுக்கணும்னு ஆசை வந்தா எல்லாரும் மொதல்ல பேசறது பேரலும் தோட்டாவும்தான், கட்டைய, அதாவது தோள்ல சாச்சு புடிக்கற மர ஸ்டாக்க பத்தி யாருமே பேச மாட்டாங்க. வைல்ட்கேட்னா வேற ஒண்ணுமில்ல, ஏற்கனவே இருக்கற ஒரு தோட்டா கேஸோட (வெடிமருந்து இருக்கற பித்தளை கூடு) கழுத்த சுருக்கியோ விரிச்சோ புதுசா ஒண்ணு பண்றது, கம்பெனி தோட்டா கடைல கிடைக்காது. 22-250ங்கற தோட்டா அப்படித்தான் ரொம்ப வருஷம் சுத்திட்டு இருந்துச்சு, 1965ல ரெமிங்டன்ங்கற துப்பாக்கி கம்பெனி எடுத்து கம்பெனி தோட்டாவா விட்டாங்க, 25-06க்கு 1969ல அதே கதை. ஆனா சேம்பர் (பேரல்ல தோட்டா உக்கார்ற குழி) வெட்டறது, ஹெட்ஸ்பேஸ் (சேம்பர பின்னாலருந்து மூடற போல்ட்டோட முகத்துலருந்து தோட்டா உள்ள தட்டி நிக்கற எடம் வரைக்கும் இருக்கற அளவு) பாக்கறதெல்லாம் ஒரு இன்ச்ச ஆயிரமா பிரிச்சு அதுல ஒண்ணு ரெண்டுக்கு கணக்கு பாக்கற வேலை, தப்பா போனா வெடிக்கறது உங்க கன்னத்துக்கு பக்கத்துல. அத லைசென்ஸ் இருக்கற கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி செய்யறவரு, பழுது பாக்கறவரு) விட்ருங்க. அவரு பேரல் வேலைய முடிக்கற வரைக்கும் வீட்ல சும்மா கிடக்கற அந்த வால்நட் ஸ்டாக், அதுதான் நம்ம ஏரியா.

ஸ்டாக் இன்னும் ரைபிள்லயே இருந்தா மேகசினையும் போல்ட்டையும் கழட்டி, சேம்பர கண்ணால பாத்து விரலையும் விட்டு பாத்துடுங்க, "காலியாத்தான் இருக்கும்"ங்கற பேச்சே வேணாம். ஸ்க்ரூவ கழட்ட அந்த காடிக்கு கச்சிதமா உக்கார்ற திருப்புளி வேணும், வீட்ல கிடக்கற ஏதோ ஒண்ண வெச்சு திருகுனா ஸ்க்ரூ தலை பிஞ்சு ஆயுசுக்கும் அசிங்கமா நிக்கும்.

பழைய வார்னிஷ எடுக்க பெயின்ட் ரிமூவர், கைல கிளவுஸ், ஜன்னல் தொறந்து இருக்கணும். கைப்பிடிலயும் முன்பக்கமும் கட்டம் கட்டமா வெட்டிருக்கற செக்கரிங் இருந்தா அதுக்கு மேல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, அங்க உப்புத்தாள் பட்டா அந்த கூர் மழுங்கிடும், திரும்ப வராது. அத கடைசில பழைய டூத்பிரஷ் வெச்சு தனியா சுத்தம் பண்ணிக்கலாம்.

இப்ப ஒடுக்கு எடுக்கறது, எனக்கு இந்த வேலைலயே ரொம்ப புடிச்ச இடம் இதுதான். நசுங்கின எடத்துல மர இழை அறுந்துருக்காது, அமுங்கி மட்டும்தான் இருக்கும், அதனால ஈரத்துணிய மடிச்சு மேல வெச்சு அயன் பாக்ஸ சூடா ரெண்டு மூணு செகண்ட் வெச்சு எடுங்க, புஸ்ஸுன்னு ஆவி உள்ள போயி இழை உப்பிக்கிட்டு மேல வரும். ஒரே தடவைல வராது, துணிய மறுபடி நனைச்சு நாலஞ்சு தடவ பண்ணுங்க, துணி காயற அளவுக்கு அயன் பாக்ஸ அழுத்திட்டு நிக்காதீங்க, மரம் கருகிடும். கீறல், வெட்டு இதெல்லாம் இப்படி வராது, ஏன்னா அங்க இழையே அறுந்து போச்சு.

மரம் நல்லா காஞ்சப்புறம் உப்புத்தாள், 150 நம்பர்ல ஆரம்பிச்சு 220, 320னு போங்க, எப்பவும் ரேகை போற திசைலயே. தாள ஒரு ரப்பர் கட்டைல சுத்தி தேய்ங்க, வெறும் விரல்ல தேச்சா அலை அலையா பள்ளம் விழும், எண்ணெய் ஏறி பளபளன்னு ஆனப்புறம்தான் அது கண்ணுக்கே தெரியும். பின்பக்கம் சுடறப்போ உதைய தாங்கற ரீகாயில் பேட கழட்டி வெச்சுட்டு ஓரத்த தேய்க்காதீங்க, நான் என்னோட மொத ஸ்டாக்ல அப்படி தேச்சு ஓரம் உருண்டு போயி, திரும்ப மாட்டினா பேட் சுத்தி ஒரு மில்லிமீட்டர் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, அத சரி பண்ண ஒரு வாரம் போச்சு. பேட மாட்டிட்டு அதுக்கு மேல டேப் சுத்தி தேய்ங்க. 320 முடிஞ்சதும் ஈரத்துணில ஒரு தடவ தொடைங்க, பூனை முடி மாதிரி சின்ன சின்ன இழை எந்திரிச்சு நிக்கும், காஞ்சதும் லேசா தேச்சு எடுங்க, ரெண்டு மூணு தடவ பண்ணா அடங்கிடும்.

அப்புறம் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெய வாங்கிடாதீங்க, காய நாள் கணக்கா இழுக்கும், 'பாயில்ட்'னு போட்டத வாங்குங்க, இப்பல்லாம் அது நெஜமா காய்ச்சினது இல்ல, சீக்கிரம் காய மருந்து கலந்தது. மொத கோட்ட 400 தாள்ல எண்ணெய தொட்டு அப்படியே தேய்ங்க, மரத்தூளும் எண்ணெயும் கொழகொழன்னு சேந்து ரேகைல இருக்கற நுண்ணு துளைய அடைச்சிடும், அத அப்படியே காய விட்டு அடுத்த நாள் மேலாக்க தேச்சு எடுங்க. அதுக்கப்புறம் நாளுக்கு ஒரு கோட், ரெண்டு மூணு சொட்டு போதும், உள்ளங்கைல சூடு பறக்க தேய்க்கணும், மிச்சம் இருந்தா துடைச்சிடணும். ஜாஸ்தி ஊத்தினா பிசுபிசுன்னு நிக்குமே தவிர பளபளப்பு வராது. எட்டு பத்து கோட்டுக்கு கம்மியா நிறுத்த எனக்கு மனசு வராது.

அந்த எண்ணெய் துணிய மட்டும் சுருட்டி மூலைல போட்றாதீங்க ப்ளீஸ். ஆளிவிதை எண்ணெய் காயறப்போ காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்து சூடாகும், சுருட்டி வெச்ச துணில அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானாவே பத்திக்கும். 1991 பிப்ரவரில பிலடெல்பியால ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடி கட்டடம் எரிஞ்சு மூணு தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க, ஆரம்பிச்சது இந்த ஆளிவிதை (லின்சீட்) எண்ணெய் துணிலதான். ஒத்தையா விரிச்சு வெளிய காயப்போடுங்க, இல்லன்னா மூடி போட்ட தகர டப்பால தண்ணில முக்கி வைங்க.

வெளிய மட்டும் பளபளன்னு பண்ணிட்டு உள்பக்கத்த விட்டுடறதுதான் நிறைய பேரு பண்ற தப்பு. பேரல் உக்கார்ற காடி, பேடுக்கு அடில இருக்கற வெட்டு முகம், ரெண்டும் மழை ஈரத்த குடிக்கற எடம். மரம் உப்பி ஒரு பக்கமா பேரல அழுத்துச்சுன்னா குண்டு விழற எடமே மாறிடும். அதனால அங்கயும் மெலிசா ரெண்டு மூணு கோட் கொடுங்க, தடிமனா வேணாம், போல்ட் ஓடற இரும்பு பாகமான ஆக்‌ஷன் உக்காராது.

எண்ணெய் முழுசா காய ரெண்டு மூணு வாரம் விடுங்க. கன்ஸ்மித்கிட்டருந்து பேரல் வந்து ஸ்க்ரூவ டைட் பண்ணினதும், ஒரு துண்டு பேப்பர பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல நுனிலருந்து உள்ள இழுத்துட்டு போங்க, பேரல் கட்டைய தொடாம மெதக்கற மாதிரி செஞ்ச ஸ்டாக்குன்னா ஆக்‌ஷன் கிட்ட வரைக்கும் தடங்கல் இல்லாம போகணும். எங்கயாவது மாட்டுச்சுன்னா அங்க பென்சில்ல குறி வெச்சு, கழட்டி, அந்த எடத்த மட்டும் ரெண்டு இழுப்பு தேச்சு மறுபடி எண்ணெய் தடவுங்க. ஸ்கோப் ஜீரோ பாக்கறதெல்லாம் (குறி வெச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி சரி பண்றது) அதுக்கப்புறம்தான்.