குறைந்த செலவில் பழைய பிக்கப்பைத் தாழ்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை இஞ்ச் இறக்கலாம் என்பதுதான். இறக்கிய பிறகு ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே எத்தனை இஞ்ச் மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் ஏறி இறங்க இருக்கும் இடம் அவ்வளவுதான். காசை மிச்சம் பிடிக்கப் போய்ச் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை விட்டதால் வருபவை.

வேலை தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். பத்து இருபது வருடங்கள் பாரம் சுமந்த வண்டியின் ஸ்பிரிங் ஏற்கெனவே தொய்ந்திருக்கும், ஒரு பக்கம் கூடுதலாகவும் தொய்ந்திருக்கலாம். புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) பால் ஜாயிண்ட்டும் (சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். ஆடுகிற வண்டியைத் தாழ்த்தினால் தாழ்வாக ஆடும், அவ்வளவுதான்.

முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை (சுருள் ஸ்பிரிங்) வெட்டுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த மலிவு வழி. அதை ஒரேயடியாகத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு, வெட்டும் விதத்தில் இருக்கிறது. கேஸ் கட்டரால் வெட்டினாலும், காய்ச்சித் தொய்ய விட்டாலும், சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அதற்கு மேல் அந்த ஸ்பிரிங் எப்போது அமுங்கும், எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிங் டிஸ்க்கால் மெதுவாக, சூடேறாமல் வெட்ட வேண்டும். ஒரேயடியாக ஒரு முழுச் சுற்றை எடுத்துவிடுவது அடுத்த தவறு. கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கை) உள்ள வண்டியில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் ஸ்பிரிங்கில் ஒரு இஞ்ச் குறைந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச் இறங்கும். அரைச் சுற்று எடுங்கள், மாட்டுங்கள், கொஞ்சம் ஓட்டி அமர விடுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நுனி குறுகிச் சுருண்டு முடியும் ஸ்பிரிங்காக இருந்தால் அந்த நுனியில் கை வைக்காதீர்கள், இருப்பிடத்தில் சரியாக உட்காராது.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஸ்பிரிங் கம்ப்ரெசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கம்பியால் நெம்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

கையில் கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால் வெட்டுவதை விட டிராப் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் அச்சை மேலே தள்ளி வைத்துச் செய்த மாற்று உறுப்பு) நல்லது என்பது என் கருத்து. செவர்லே சி10 என்ற அமெரிக்கப் பிக்கப்புக்கு இரண்டரை இஞ்ச் இறக்கும் ஸ்பிண்டில்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஸ்பிரிங்கின் அசைவு அப்படியே இருக்க, வண்டி மட்டும் இறங்கும்.

பின்பக்கத்துக்கு பிளாக் (ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் கட்டை) வாங்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்குக்கு (அடுக்கிய பட்டைகளால் ஆன ஸ்பிரிங்) மேலே ஆக்சில் இருந்தால்தான் இடையில் வைக்கும் பிளாக் வண்டியைத் தாழ்த்தும். ஆக்சில் கீழே இருந்தால் அதே பிளாக் வண்டியை உயர்த்திவிடும். 1973-இல் வந்த சி10 தலைமுறையில் ஆக்சில் கீழேதான், அதனால் ஃபிளிப் கிட் போட்டு ஆக்சிலை மேலே கொண்டு போவார்கள். ஒரேயடியாக ஐந்து, ஆறு இஞ்ச் இறங்கும். அப்போது சேஸில் ஆக்சில் இடிக்கும். அங்கே வெட்டி இடம் செய்தால் மட்டும் போதாது, வெட்டிய இடத்துக்கு வலுவூட்டும் தகடு கட்டாயம். 1972 வரை பின்பக்கமும் காயில் ஸ்பிரிங் வைத்து வந்த சி10-களில் வேறு சங்கதி: பின் ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடின் கோணம் மாறி, ஆக்சில் ஒரு பக்கம் நகரும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

ஆக்சில் இடம் மாறும்போது டிஃபரென்ஷியலின் (பின் ஆக்சிலின் நடுவே உள்ள கியர் பெட்டி) மூக்குக் கோணமும் மாறும். கவனிக்காமல் விட்டால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்கும், எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட் சீக்கிரம் போகும். ஆப்பு வடிவத் தகடு வைத்துத் திருத்தலாம், பெரிய செலவில்லை. லீஃப் ஸ்பிரிங்கிலிருந்து ஓரிரு பட்டைகளை உருவி இறக்குவது இலவசம்தான், ஆனால் பாரம் தாங்கும் சக்தி குறையும், வேகமெடுக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள்.

காசு இல்லை என்று பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைப்பவர்கள் அதிகம். தாழ்ந்த வண்டியில் அது பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும், சின்னப் பள்ளத்திலும் அடிமட்டத்தைத் தொட்டுக் கெட்டுப்போகும். நீளம் குறைந்தது வாங்குங்கள். இடிக்கிறதே என்று பம்ப் ஸ்டாப் ரப்பரை (ஆக்சில் சேஸில் நேராக இடிக்காமல் தடுப்பது) கழற்றி எறிவதும் வேண்டாம். குட்டையாக்கிப் போடுங்கள்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுவது அனுபவசாலிகளும் செய்யும் தவறு. வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகு இறுக்காவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று கிழியும்.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் செலவைத் தள்ளிப்போட்டால் டயரின் உள்விளிம்பு அதைவிடப் பெரிய பில்லைக் கொடுக்கும். 1965 முதல் ட்வின் ஐ-பீம் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி உத்திரம்) முன்பக்கத்தோடு வந்த ஃபோர்டு எஃப்-100-இல் ஸ்பிரிங்கை மட்டும் குறைத்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். அதற்கென்று வளைத்துச் செய்த பீம் தேவைப்படும்.

கடைசியாக ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிட்டு, ஹெட்லைட்டின் குறியையும் திருத்திக்கொள்ளுங்கள்.