தாய்லாந்துச் செல்லப்பெயர்கள்: பொருள் அறிவதும் பிழையின்றி அழைப்பதும்

தாய்லாந்தில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருக்கும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, விமானச்சீட்டு எல்லாவற்றிலும் வருவது ‘ச்சூ ஜிங்’, அதாவது பதிவுப்பெயர். வாயில் புழங்குவது ‘ச்சூ லென்’, செல்லப்பெயர். நம் வீடுகளில் செல்லப்பெயர் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடும். அங்கே அது அலுவலகத்துக்கும் வரும், தேர்தல் மேடையும் ஏறும். முன்னாள் பிரதமர் யிங்லக் ஷினவத்ராவை நாடே ‘பூ’ என்றது, பொருள் நண்டு. அரசியல்வாதி அனுடின் சான்விரகுல் ‘நூ’, அதாவது எலி. இன்னொரு முன்னாள் பிரதமர் அபிசித் வெச்சாச்சீவாவுக்கு ‘மார்க்’. பத்திரிகைகளும் இவற்றைத் தலைப்பிலேயே போடுகின்றன.

தாய்லாந்து நண்பர்களோடு பழகுபவர்களும் அங்கே வேலைக்குப் போகிறவர்களும் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: செல்லப்பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் குறித்துக்கொள்ளாமல், அவர்கள் எழுத்திலும் எழுதி வாங்குங்கள். ஆங்கில எழுத்து உயிரெழுத்தின் நீளத்தையும் தொனியையும், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தையும், விழுங்கிவிடும். பொருள் இருப்பதே அந்த இரண்டில்தான்.

கேட்பதும் குறிப்பதும்

‘ச்சூ லென் அரை க்ஹ்ரப்?’ என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் நீங்கள் பெண் என்றால் ‘க்ஹ்ரப்’ இருக்கும் இடத்தில் ‘க்ஹ’. பதில் வந்ததும் ‘க்ஹியன் ஹாய் டூ நொய்’, கொஞ்சம் எழுதிக் காட்டுங்கள். அடுத்து ‘ப்ளே வா அரை’, என்ன பொருள்? இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியாகவே சொல்வார்கள், யார் வைத்தார்கள் என்பதையும் சேர்த்து.

குறிப்பேட்டில் பதிவுப்பெயர், செல்லப்பெயர், வேலை செய்யும் பிரிவு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ‘லெக்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வரவேற்பு மேசையில் போய் நின்றால், கணக்குப் பிரிவு லெக்கா, கிடங்கு லெக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். பதிவுப்பெயரை மட்டும் சொன்னால், பல வருடம் பக்கத்து மேசையில் இருப்பவருக்கே அது யார் என்று தெரியாமல் போகலாம். பணம் அனுப்பவும் பயணச்சீட்டு எடுக்கவும் மட்டும் பதிவுப்பெயர். மற்ற எல்லாவற்றுக்கும் செல்லப்பெயர் போதும். குடும்பப்பெயரைச் சொல்லி யாரையும் அழைப்பதில்லை. அதைக் கட்டாயமாக்கிய சட்டமே 1913-இல், மன்னர் வஜிராவுத் காலத்தில்தான் வந்தது.

காதில் விழுவதைப் பிரித்தறிதல்

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. குறில், நெடில் நமக்குப் பழக்கம். சொல்லின் முதலில் நாம் சொல்லும் காற்றில்லாத க, த, ப ஒலிகள் அப்படியே அங்கேயும் உண்டு. தொல்லை என்னவென்றால், மூச்சுக்காற்று சேர்ந்த ஒலிகள் தனி எழுத்துகளாக அங்கே இருக்கின்றன. தமிழ் எழுத்தில் அவற்றைக் காட்ட வழியில்லை. அதனால் இங்கே மெய்க்குப் பின் ‘ஹ’ ஒலி வந்தால் காற்றுடன் சொல்லுங்கள். ‘கை’ என்றால் கோழி. ‘க்ஹை’ என்றால் முட்டை. இரண்டுமே செல்லப்பெயர்கள்தான், ஆனால் பின்னது கொச்சையில் ஆணின் விரையையும் குறிக்கும் என்பதால் கோழியை முட்டையாக்கிவிடாதீர்கள்.

அடுத்தது தொனி. சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என்று ஐந்து. யிங்லக்கின் ‘பூ’ சமமான தொனி. அதையே குரலைத் தாழ்த்திச் சொன்னால் அப்பாவின் அப்பா, தாத்தா. ‘நொய்’ என்று ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயர் உண்மையில் இரண்டு. உயர்ந்த தொனியில், சற்று நீட்டிச் சொன்னால் ‘சிறியது’. தாழ்ந்த தொனியில் குறுக்கிச் சொன்னால் ‘கொஞ்சம்’. மேலே ‘எழுதிக் காட்டுங்கள்’ என்பதில் வந்த அதே சொல். எழுதி வாங்கினால் இந்தக் குழப்பமே வராது.

ஈற்றெழுத்து இன்னொரு சிக்கல். அந்த மொழியில் சொல்லின் கடைசியில் ர், ல், ஸ், ஃப் ஒலிக்காது. ர், ல் இரண்டும் ‘ன்’ ஆகும், ஸ் ‘ட்’ ஆகும், ஃப் ‘ப்’ ஆகும்; இரண்டு மெய் சேர்ந்து வந்தால் பின்னது உதிரும். ஆகவே ‘பால்’ என்று பந்தின் பெயர் கொண்டவர் ‘போன்’, கோல்ஃப் ‘கோப்’, பாஸ் ‘போட்’, பென்ஸ் ‘பென்’, பேங்க் ‘பேங்’. ஆப்பிள் ‘எப்பன்’ ஆகி, முதலசையும் உதிர்ந்து வெறும் ‘பன்’ என்று நிற்கும். பின்பாதியை வைத்துக்கொண்டு முன்பாதியை விடுவதுதான் அவர்கள் வழக்கம்: சோம்ச்சாய் ‘ச்சாய்’ ஆவார், பாடகி லலிசா ‘லிசா’ ஆவார்.

இந்த ஈற்று விதியைப் பிடித்துக்கொண்டால் பதிவுப்பெயர்களும் நமக்குத் தெரிந்தவையாகிவிடும். பெரும்பாலானவை வடமொழி, பாலி வேர் கொண்டவை. சுந்தர அங்கே ‘சுன்ட்ஹோன்’, அமர ‘அமோன்’, விஜய ‘விச்சாய்’, தட்சிண ‘த்ஹக்சின்’.

எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது

பெயரைக் கேட்டதும் முதலில் பழைய நாட்டுச் சொல்லா என்று பாருங்கள். உயிரினங்கள் ஏராளம்: நொக் (பறவை), குங் (இறால்), ப்லா (மீன்), மூ (பன்றி), மொட் (எறும்பு), கொப் (தவளை). உருவமும் நிறமும் அடுத்து: லெக் (சின்னது), யாய் (பெரியது), உவன் (குண்டு), தியா (குட்டை), தம் (கறுப்பு), தேங் (சிவப்பு).

இவை கேலிப்பெயர்கள் இல்லை. கைக்குழந்தை அழகாக இருக்கிறது என்று தெரிந்தால் ‘ப்ஹீ’ எனும் ஆவிகள் கொண்டுபோய்விடும் என்ற அச்சம் அங்கே ஆழமானது. அதனால் விலங்கின் பெயரையோ அழகற்ற பெயரையோ வைத்து ஆவிகளை ஏமாற்றினார்கள். பிள்ளை தங்க வேண்டும் என்று நம்மவர்கள் பிச்சை, குப்பம்மாள் என்று வைத்தது நினைவுக்கு வரும்; அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான். இன்றும் பெரியவர்கள் குழந்தையைக் கொஞ்சும்போது ‘நா க்லியட் நா ச்சங்’, வெறுக்கத்தக்க பிள்ளை என்றே சொல்வார்கள். அது முழுக்க முழுக்கப் பாராட்டு.

இயற்கை, மணி, பூ சார்ந்தவை பெரும்பாலும் பெண்களுக்கு: ஃபொன் (மழை), தாவ் (விண்மீன்), ப்லோய் (மணிக்கல்), ஃபாய் (பருத்தி), புவா (தாமரை). சீன வம்சாவளிக் குடும்பங்களில் தியோச்யூ மொழிச் சொற்கள் வரும்: ‘தீ’ தம்பி, ‘முவய்’ தங்கை, ‘ஹெங்’ அதிர்ஷ்டம். பிறந்த வரிசையைச் சொல்பவையும் உண்டு. ‘நுங்’ என்றால் ஒன்று, ‘ஏக்’ நம் ஏகமேதான்.

பிறகு ஆங்கிலச் சொற்கள் வெள்ளமாக வந்தன: பீர், ஐஸ், கேக், பெப்சி, ஃபர்ஸ்ட், கேம். இது மிகையாகிறதே என்று 2007-இல் கலாசார அமைச்சகமே கவலைப்பட்டு, மரபான செல்லப்பெயர்களை ஊக்குவிக்க முனைந்தது. பழக்கம் குறையவில்லை. பேட்மிண்டனில் ரட்சனோக் இந்தனோன் ‘மே’, குன்லவுட் விடிட்சார்ன் ‘வியூ’. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் டேக்வாண்டோவில் தங்கம் வென்ற பனிபக் வோங்பட்டனகிட்டின் செல்லப்பெயர் ‘டென்னிஸ்’. அண்ணன் ‘பேஸ்பால்’, அக்கா ‘பௌலிங்’. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே இனத்திலிருந்தோ ஒரே முதலெழுத்திலோ பெயர் வைப்பது வழக்கம் என்பதால், பொருள் பிடிபடாத பெயருக்கு உடன்பிறந்தோரின் பெயரைக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

முன்னால் என்ன சேர்ப்பது

மொட்டையாகச் செல்லப்பெயரை மட்டும் சொல்வது நெருங்கிய ஒத்த வயதினருக்கு மட்டும். புதியவர், மேலதிகாரி, வாடிக்கையாளர் என்றால் ‘க்ஹுன்’ சேருங்கள். ஆண், பெண் இருவருக்கும் பொது. ஆசிரியருக்கு ‘ஆஜான்’, நம் ஆசாரியர். உங்களைவிடச் சற்று மூத்தவருக்கு ‘ப்ஹீ’, இளையவருக்கு ‘நோங்’.

‘ப்ஹீ’யில் கவனம் வேண்டும். மூத்தவரைக் குறிக்கும்போது குரல் மேலே தொடங்கி இறங்க வேண்டும், ‘ஆமாம்’ என்று உறுதியாகச் சொல்வது போல. கேள்வி கேட்பது போலக் கீழிருந்து ஏற்றிச் சொன்னால் அது மேலே பார்த்த ஆவி. புதிதாகப் பேசுவோர் பெரும்பாலும் தயக்கத்தில் குரலை ஏற்றிவிடுவதால்தான் இது நேர்கிறது. ‘ப்ஹீ’யோடு பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். ஆண்களுக்கு ‘ஐ’, பெண்களுக்கு ‘ஈ’ என்று நண்பர்கள் தங்களுக்குள் சேர்ப்பதைக் கேட்பீர்கள். வெளியாள் சொன்னால் வசவு. அதேபோல் ‘உவன்’ என்று வீட்டார் அழைப்பவரை நீங்களும் அப்படி அழைக்கலாம், ஆனால் பருமனாக இருக்கிறாரே என்று நீங்களாக ஒருவருக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

உங்களுக்கு ஒன்று

நீண்ட தமிழ்ப் பெயரோடு அங்கே வேலைக்குப் போனால் சில நாளிலேயே செல்லப்பெயர் கேட்பார்கள். ஓரசை அல்லது ஈரசையில், ன், ம், ங் அல்லது உயிரில் முடிவதாகத் தேர்ந்தெடுங்கள். மணி என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் மணிக்கல் என்றுதான் பொருள். குமார் ‘குமான்’ என்று ஒலிக்கும், சிறுவன் என்று பொருள்படும். ‘ஹீ’, ‘ஹியா’, ‘க்ஹீ’ போன்ற ஒலிகள் வரும் பெயரைத் தவிருங்கள். தொனி பிசகினால் மூன்றுமே கெட்ட வார்த்தைகள். பெயர் அட்டை அச்சடிக்கும் முன் அந்த ஊர்க்காரர் இருவரிடம், ஒருவர் ஆண், ஒருவர் பெண், சத்தமாகச் சொல்லிக் காட்டி, அவர்கள் எழுத்தில் எழுதி வாங்கி அட்டையில் சேர்த்துவிடுங்கள்.