வாடகை வீட்டில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கட்டுவது எப்படி

முதலில் வாசல் கதவை அளந்துகொள்ளுங்கள். என்ஜின் வாங்குவதெல்லாம் அப்புறம்.

1997-லிருந்து மாடல் ரயில் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் நாலு வீடு மாறியாகிவிட்டது. முதல் வீட்டில் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் வாங்கி, மொட்டை மாடி அறையிலேயே வைத்து மலை, குகை, பாலம் எல்லாம் கட்டினேன். காலி செய்கிற அன்று அது படியில் திரும்பவே இல்லை. ரம்பத்தால் மூன்றாக அறுத்துத்தான் கீழே இறக்கினோம். நாலு வருஷ வேலை அது. ஒரே ஆள் தூக்கமுடியாத பலகையை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

இப்போது என்னிடம் இருப்பவை நாலு பலகைகள். ஒவ்வொன்றும் 100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். 12 மி.மீ. ப்ளைவுட், தண்ணீர் தாங்குகிற ரகம், அடியில் ரீப்பர் கட்டையில் சட்டம். ஹால் சுவரோரம் வரிசையாகப் போட்டால் 4 மீட்டர். நடுவில் இருக்கும் இரண்டிலும் ஸ்டேஷன். இரண்டு ஓரப் பலகைகளும் வண்டி போய் மறையும் இடம், அவற்றின் முன்னால் வயல் வரைந்த ஒரு தட்டி மட்டும். வண்டி வட்டமாகச் சுற்றாது. ஒரு பக்கத்திலிருந்து வரும், நிற்கும், மறுபக்கம் போகும். நிஜ ஸ்டேஷனில் பார்ப்பது அதைத்தானே.

எந்த அளவில் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்ஓ, அதாவது 87-ல் ஒரு பங்கு. ‘என்’ இன்னும் சின்னது, 160-ல் ஒரு பங்கு. நம் ஐ.சி.எஃப். பெட்டி, அதாவது சென்னைத் தொழிற்சாலையில் செய்த பழைய ரகப் பயணிகள் பெட்டி, சுமார் 21.3 மீட்டர். எச்ஓவில் அது இருபத்து நாலரை செ.மீ., ‘என்’னில் 13 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இடம் குறைவென்றால் ‘என்’ நல்லது. ஆனால் கையால் பெட்டி செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு எச்ஓதான் சரி, நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணுக்கும் அதுதான் சௌகரியம். ஒன்றைக் கவனியுங்கள். எச்ஓவின் சாதாரணத் தண்டவாளம் 16.5 மி.மீ. இடைவெளி, அது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம் அகலப் பாதை 1676 மி.மீ. அதை அப்படியே சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அதனால் 16.5-ல் ஓட்டும்போது பாதை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் கட்டியிருப்பது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளிப் பாதை. அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் தனியாகக் கிடைக்கிறது, அளவும் கிட்டத்தட்டச் சரியாக அமைந்துவிடுகிறது.

மீட்டர் கேஜ் ஏன் என்றால், அப்பா அந்த வண்டிகளில்தான் கார்டாக இருந்தார். விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர் மெயின் லைன். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், ஒரு பூவரச மரமும் இரண்டு தண்டவாளமும் மட்டும் இருந்த ஒரு ஸ்டேஷனைத்தான் கட்டியிருக்கிறேன். உங்களுக்கும் இதையே சொல்வேன். நீங்கள் நின்று பார்த்த ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், பெஞ்சு எங்கே என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பலகை சேரும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஊசி கழற்றக்கூடிய கதவுக் கீல் இரண்டை வாங்கி, பலகைகளின் பக்கவாட்டில் பொருத்துங்கள். ஊசியைப் போட்டால் பலகைகள் மயிரிழை பிசகாமல் சேரும். சேர்த்த பிறகு, விளிம்புக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பித்தளை ஸ்க்ரூக்களை தண்டவாளத்துக்கு நேர் கீழே இறக்குங்கள். ஸ்க்ரூவின் தலை தண்டவாளத்தின் அடியைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. அங்கிருக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு, தண்டவாளத்தை ஸ்க்ரூ தலையோடு சால்டர் செய்யுங்கள். முழுத் தண்டவாளத்தையும் போட்டுப் பற்றவைத்த பிறகுதான் மெல்லிய ரம்பத்தால் விளிம்பின் மேல் அறுக்க வேண்டும். தனித்தனியாகப் போட்டுப் பிறகு சேர்க்கப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும், ஒவ்வொரு வண்டியும் அங்கேயே தடம் புரளும்.

மற்ற மூட்டுகளை எல்லாம் சால்டர் செய்துவிடாதீர்கள். மொட்டை மாடி அறையில் நான் அப்படிச் செய்து, மே மாதத்தில் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து நின்றது. ஒரு மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூடு ஏறினால் சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். ஒரு விசிட்டிங் கார்டை மூட்டில் செருகி, அந்த இடைவெளியை விட்டுப் போடுங்கள். ஆனால் மூட்டை நம்பி மின்சாரம் ஓடாது. பலகையின் அடியில் தடித்த ஒயர் இரண்டு நிறத்தில் இழுத்து, ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் அதிலிருந்து மெல்லிய ஒயர் கொடுங்கள். தண்டவாளத்தில் போவது 12 வோல்ட்தான். 230 வோல்ட் அடாப்டரோடு நின்றுவிட வேண்டும், பலகைப் பக்கமே வரக்கூடாது.

மேடு ஏற்ற ஆசைப்பட்டால் 100 செ.மீ.க்கு 2 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஊட்டி வண்டி 12-க்கு 1 ஏறுகிறதே என்று கேட்பார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அது பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது.

ஜல்லிக்கு மணலையே சலித்து எடுக்கலாம், டீ வடிகட்டி போதும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், உப்பு. எந்த மணலானாலும் காகிதத்தில் பரப்பி, ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மேலே நகர்த்துங்கள். கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த இரும்புத் துகள் ஒன்று போதும், என்ஜினில் இருக்கும் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று நான்கு தடவை காந்தம் ஓட்டி, எதுவும் ஒட்டாத பிறகு ஜல்லியைக் கட்டைகளுக்கு நடுவே பரப்புங்கள். ஃபெவிகாலுக்குச் சரிபாதி தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டு, மருந்து டிராப்பரால் சொட்டுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

கட்டடங்களுக்கு மைதாப் பசை கூடாது. என் ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் பின்சுவரைக் கரப்பான் தின்றுவிட்டது. அட்டையில் ஃபெவிகாலால் ஒட்டி, உள்ளேயும் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

இந்திய மீட்டர் கேஜ் என்ஜின் நான் தேடியவரை ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. வெளிநாட்டு என்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் தகட்டில் ஒய்.டி.எம். 4 என்ற மீட்டர் கேஜ் டீசல் என்ஜினின் உடலைச் செய்து மாட்டினேன், எட்டு மாதம் ஆயிற்று. அதற்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மார்கழியில் உறைந்து பிசினாகிவிடும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்து அதிலேதான் அழுக்குச் சேரும். பழைய வேட்டித் துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள்.

கைகாட்டி சிக்னலை நான் முதலில் தப்பாக வைத்தேன். வாங்கிய கிட்டில் கை மேலே எழும்பியது. அப்பா பார்த்துவிட்டு, “நம்ம பக்கம் கை கீழ எறங்கினாத்தாம்மா லைன் கிளியர்” என்றார். பிரித்து மறுபடி செய்தேன்.

கட்டி முடித்த பிறகு சும்மா இங்கும் அங்கும் ஓட்டினால் ஒரு மாதத்தில் அலுக்கும். கிராசிங் போடுங்கள், அதாவது எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் ஒன்றையொன்று கடக்க வேண்டும். இதற்கு லூப் தண்டவாளத்தை, அதாவது மெயினிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கத் தண்டவாளத்தை, தனி செக்ஷனாகப் பிரித்து ஒரு சுவிட்ச் கொடுத்திருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று நிற்க இன்னொன்று ஓடும். என்ஜினும் மூன்று பெட்டியும் சேர்ந்து 90 செ.மீ.க்குள் அடங்கினால் லூப்பில் நன்றாக நிற்கும். முதல் வண்டியை லூப்பில் எடுத்து நிறுத்துங்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் இருக்கும் பாயிண்டை மெயினுக்குத் திருப்புங்கள். பிறகே எதிர் வண்டிக்குக் கைகாட்டி. ஒற்றைப் பாதையில் போக அனுமதியாக டிரைவரிடம் கொடுக்கும் உருண்டைதான் டோக்கன் பந்து. எதிர் வண்டி கொண்டுவந்த பந்து ஸ்டேஷனில் இருக்கும் டோக்கன் மெஷினுக்குள் போனால்தான், நிற்கிற வண்டிக்கு டோக்கன் எடுக்கலாம். நான் மெஷினுக்குப் பதில் ஒரு தகர டப்பாவும் கோலிக்குண்டும் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலி டப்பாவில் விழும் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் “லைன் கிளியரா?” என்று கேட்பார். கிளியர் என்று சொல்லிவிட்டுத்தான் கைகாட்டியை இறக்குவேன்.