பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பத்திரமா? மேடிசன் கவுண்டியில் பலரும் செய்கிற தவறுகள்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டி மொய்ன் நகரத்துக்குத் தென்மேற்கே சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிறது மேடிசன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). கூரை போட்ட மரப்பாலங்களுக்குப் பேர்போன ஊர். அவற்றில் ஒன்று சீடர் பாலம். 1883-இல் கட்டியது, 1976-இல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. 2002 செப்டம்பரில் அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். பழைய வரைபடத்தை வைத்து 2004-இல் மறுபடி எழுப்பினார்கள். 2017 ஏப்ரலில் அதையும் எரித்தார்கள். இப்போது அங்கே நிற்பது 2019-இல் முடித்த மூன்றாவது பாலம்.

இதைக் கேட்கிற யாரும் முதலில் கேட்பது, “பாதுகாக்கப்பட்ட சின்னம்தானே, எப்படி விட்டார்கள்?” என்றுதான். அந்தப் ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல்லில்தான் முதல் தவறே இருக்கிறது. நம்மூர் தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பலகை என்றால் சட்டம். சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது. அமெரிக்கப் பதிவேடு அந்த வகை இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியப் பூங்காத் துறை வைத்திருக்கும் பட்டியல் அது. அதில் பெயர் இருப்பது ஒரு மரியாதை; காவல்காரன் கிடையாது. பட்டியலில் உள்ள வீட்டை அதன் உரிமையாளர் தன் சொந்தக் காசில் நாளைக்கே இடித்தாலும் இந்தச் சட்டம் குறுக்கே வராது.

மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்தால் மட்டும் கதை மாறும். உதாரணமாக, மத்திய நிதியில் ஒரு சாலையை அகலப்படுத்தும்போது பழைய பாலம் இடிபடும் என்றால், அந்தத் துறை முதலில் நின்று மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்திடம் கலந்து பேச வேண்டும். கலந்து பேசிவிட்டு இடிக்கவும் செய்யலாம், அது வேறு விஷயம். உண்மையிலேயே கையைக் கட்டிப்போடுகிற விதிகள் எங்கேயாவது இருந்தால், அவை நகரமோ கவுண்டியோ தனியாகப் போட்ட உள்ளூர்ச் சட்டத்தில்தான் இருக்கும். ஆகவே பழைய வீடு வாங்குகிறவர் தேசியப் பட்டியலைப் பார்த்துவிட்டு நிம்மதியடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஊர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

பயப்படுகிறவர்களும் உண்டு. “பட்டியலில் ஏறினால் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக்கூட வாஷிங்டனில் அனுமதி வாங்கணுமாமே” என்பார்கள். அப்படி எதுவும் இல்லை. வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தனியார் வீடு என்றால் உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவித்தால் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள்; 1980 முதல் அதுதான் நடைமுறை. வயது 50 ஆகிவிட்டால் தானாக ஏறிவிடும் என்பதும் தப்பு. 50 என்பது வாசற்படிதான். அதைத் தாண்டி, இந்தக் கட்டடத்துக்கு என்ன முக்கியத்துவம் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி நிறுவ வேண்டும்.

சரி, சட்டம் போகட்டும். என் கணக்கில் தீயைவிட அதிகம் கெடுதல் செய்வது நல்லெண்ணத்தோடு செய்யும் ரிப்பேர்.

இந்தக் கவுண்டியில் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு பெரிய விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்: 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய விவசாயிகள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய வீடுகள். அவற்றில் பலவும் பதிவேட்டில் இருக்கின்றன. கவுண்டித் தலைநகரான வின்டர்செட்டின் நீதிமன்றக் கட்டடமும் கல் கட்டடம்தான். இந்த வீடுகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. நூறு வருஷத்துக்குமேல் மழையும் பனியும் பட்டு அது உதிரத் தொடங்கும். நகத்தால் சுரண்டினாலே மாவு மாதிரி கொட்டும். வீட்டுக்காரர் பதறிப்போய்க் கடையில் ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிவந்து, இடுக்கு முழுக்கக் கெட்டியாகப் பாயிண்டிங் செய்துவிடுவார். பார்க்கப் பளிச்சென்று, உறுதியாகத் தெரியும்.

கோளாறு அங்கேதான். சுவருக்குள் போகிற ஈரம் வெளியே வர வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து மெத்தென்று இருப்பதால் ஈரம் அதன் வழியே வந்து காய்ந்துவிடும். சுவர் சற்று அசைந்தாலும் சாந்துதான் விட்டுக்கொடுக்கும், கல் தப்பிக்கும். சிமென்ட் இரண்டுக்கும் இடம் தராது. ஈரம் கல்லுக்குள் அடைபடும். ஐயோவாவின் குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் சிமென்ட் கோடு அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிக் கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்றிருக்கும். உதிர்ந்த சாந்தை மறுபடி பூசலாம், உதிர்ந்த கல்லை என்ன செய்வது? மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதும் இதே ரகம்தான். அழுக்கோடு கல்லின் தோலும் போய்விடும். தேசியப் பூங்காத் துறை இந்த இரண்டைப் பற்றியும் எளிய கையேடுகளை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு படித்துவிடுங்கள்.

பணம் தொடர்பான தவறு ஒன்று: வேலையை முடித்துவிட்டு வரிச்சலுகைக்கு விண்ணப்பிப்பது. பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ள விடும். ஆனால் அது வருமானம் தரும் கட்டடத்துக்குத்தான்: கடை, அலுவலகம், வாடகை வீடு. நாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சுத்தியலை எடுப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழைய ஜன்னலைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய பிறகு படம் எடுத்து அனுப்பினால், சலுகை அங்கேயே நின்றுவிடும்.

பாலங்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் 19 இருந்தன, இப்போது ஆறு. குதிரை மிரளாமல் இருக்கத்தான் கூரை போட்டார்கள் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. அடியில் பாவிய பெரிய மரங்கள் மழையில் உளுத்தால் மாற்றுவதற்கு ஆகும் செலவைவிட, மேலே கூரையும் பக்கப் பலகையும் போடுவது மலிவு. பாலத்தின் பெயர் கட்டியவருடையது என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலும் பக்கத்தில் குடியிருந்தவரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

பழைய பாலம் என்றால் அதே இடத்தில்தான் இருந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சீடர் பாலமே 1921-இல் இடம் மாறியது. கட்லர்-டானஹோ பாலம் 1970-இல் வின்டர்செட் பூங்காவுக்கு வந்தது. ஐம்ஸ் பாலம் 1977-இல் செயின்ட் சார்ல்ஸ் ஊருக்கு வந்தது. பதிவேட்டில் உள்ள ஒன்றை முன்கூட்டியே ஒப்புதல் பெறாமல் நகர்த்தினால் பெயரை நீக்கிவிடுவார்கள். வரலாறு என்பது கட்டையில் மட்டும் இல்லை, அது நின்ற ஆற்றங்கரையிலும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அசல் இடத்திலேயே நிற்கும் ரோஸ்மன் பாலத்துக்குள் நடந்து பாருங்கள். 107 அடி நீளம். இருபக்கமும் பலகைகளைச் சாய்வாகக் குறுக்கே வைத்துப் பாய் முடைந்த மாதிரி பின்னியிருப்பார்கள். அந்தப் பலகைகளில் கையெட்டும் உயரம் வரை காதலர்களின் பெயர்கள். பழைய கிறுக்கல் இருக்கிறதே, நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றும். பேனாவைப் பையிலேயே வையுங்கள்.

கடைசியாக, வண்டி. ஜிபிஎஸ் எப்போதும் குறுக்கு வழியைத்தான் காட்டும். பாலங்களுக்குப் போகும் பல சாலைகள் சரளைச் சாலைகள், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஐயோவாவில் ‘லெவல் பி’ என்று ஒரு வகைச் சாலை உண்டு: வெறும் மண், பராமரிப்பு சொற்பம், உங்கள் பொறுப்பில் உள்ளே போங்கள் என்று பலகையே வைத்திருப்பார்கள். மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண்ணில் கார் இறங்கினால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். பலகையைப் பார்த்ததும் திருப்பிக்கொண்டு சரளை வழியைத் தேடுங்கள்.