பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு: முதன்முறை வருவோருக்கான வாடகைக் கணக்கும் வழிகளும்

எங்கள் இரு மாவட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்பவர்கள் பலரும் வந்து இறங்குவது தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில்தான். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. தருமபுரிக்கு அது மிகவும் அருகில் இருந்தாலும், உள்நாட்டு விமானங்கள் சில மட்டுமே அங்கு வருவதால், பெங்களூருவிலிருந்து ஊர் வரும் வழியை அறிந்திருப்பது பெரும்பாலோருக்குத் தேவையாகிறது.

முதலில் தொலைவை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் பெங்களூருவுக்கு வடக்கே இருக்கிறது. நமது ஊர்களோ தெற்கே இருக்கின்றன. ஆகவே ஹெப்பால், சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என நகரம் முழுவதையும் கடந்தால்தான் அத்திப்பள்ளி எல்லையும் ஓசூரும் வரும். ஏறத்தாழ, விமான நிலையத்திலிருந்து ஓசூருக்கு 75 கி.மீ., கிருஷ்ணகிரிக்கு 125 கி.மீ., தருமபுரிக்கு 170 கி.மீ. என்று கொள்ளலாம். நள்ளிரவில் மூன்று மணி நேரத்தில் கிருஷ்ணகிரியை அடைந்துவிடும் அதே வண்டி, மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் சில்க் போர்டைத் தாண்டுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்ததாக, வீட்டு வாசல் வரை ஒரே வண்டியில் வருவதா, பெங்களூருவின் தெற்கே உள்ள ஓசூர் சாலை வரை ஒன்றிலும் அங்கிருந்து மற்றொன்றிலும் வருவதா என்பதை விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தாலும், நான்கைந்து பெட்டிகள் இருந்தாலும் ஒரே வண்டிதான் சரி. ஒரே பெட்டியுடன் பகலில் தனியாக வருபவர் முழு வாடகை கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரே வண்டி என்று முடிவு செய்தவர்கள் வாடகைக் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். துபாயிலிருந்து திரும்பிய என் மாமா, வருகைக் கூடத்தில் தமிழில் பேசி அணுகிய ஒருவரிடம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று மட்டும் பேசிவிட்டு ஏறிவிட்டார். காவேரிப்பட்டணம் வரை 135 கி.மீ. என்பதால் 1,620 ரூபாய் ஆகும் என்பது அவர் போட்ட கணக்கு. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, வெளியூர் சவாரிக்குக் குறைந்தபட்சம் 300 கி.மீ. என்று கூறி 3,600 ரூபாயும், அதற்கு மேல் சுங்கக் கட்டணம், வேற்று மாநிலத்துக்குள் நுழைவதற்கான பெர்மிட் வரி, இரவு பேட்டா ஆகியவற்றையும் ஓட்டுநர் கேட்டார். விடியற்காலையில் தெருவே விழித்துக்கொள்ளும் அளவுக்கு வாக்குவாதம் நடந்தது. ஓட்டுநர் சொன்ன முறை தொழிலில் உள்ளதுதான். அதை முன்கூட்டியே சொல்லாததுதான் பிழை, கேட்காததும் பிழைதான்.

ஆகவே வண்டியில் ஏறும் முன் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள். இது ஒருவழி டிராப் வாடகையா, போய்வரும் வாடகையா? குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? டிராப் வண்டிகளில் பெரும்பாலும் 130 அல்லது 150 கி.மீ. என்றும், போய்வரும் வண்டிகளில் ஒரு நாளைக்கு 250 அல்லது 300 கி.மீ. என்றும் சொல்வார்கள். கிலோமீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரை எண்ணும் ஷெட் டு ஷெட் கணக்கா? ஓட்டுநர் பேட்டா, இரவுப் படி, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை வாடகையில் அடங்குமா? அகில இந்திய பெர்மிட் உள்ள வண்டியா, இல்லையென்றால் எல்லையில் கட்டும் வரி யாருடையது?

எடுத்துக்காட்டாக, கிருஷ்ணகிரிக்கு டிராப் வாடகை கிலோமீட்டருக்கு 15 ரூபாய், குறைந்தபட்சம் 130 கி.மீ. என்று பேசினால் 1,950 ரூபாய் ஆகிறது. ஊரிலிருந்தே வண்டி வரவழைத்தால் போகவர 250 கி.மீ.; கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றாலும் 3,250 ரூபாய். இரண்டிலும் பேட்டாவும் சுங்கமும் தனி. அப்படியிருந்தும், விமானம் தாமதமானாலும் காத்திருக்கும் தெரிந்த ஓட்டுநர் என்பதால், இரவில் இறங்கும் பெற்றோருக்கு நான் ஊர் வண்டியையே அனுப்புவேன். வழியில் சாதஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி ஆகிய சுங்கச்சாவடிகள் வரும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பும் வண்டிக்கு ஒருவழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பதால், இரு மடங்காகக் கணக்குச் சொன்னால் பாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். மாலை நெரிசலில் ஹொஸ்கோட்டை, மாலூர் வழியாக ஓசூரை அடையும் பாதையை அறிந்த ஓட்டுநர்களும் உண்டு. தொலைவு கூடினாலும் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

மஞ்சள் நிற எண் பலகை உள்ள டி போர்டு, அதாவது வாடகைக்கெனப் பதிவான வண்டியில் மட்டுமே ஏறுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான ஓன் போர்டு வண்டி நூறு இருநூறு குறைவாகக் கேட்டாலும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

பிரித்து வருபவர்களுக்கு மலிவான வழி பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா குளிர்சாதனப் பேருந்து. கே.ஐ.ஏ. 8 என்ற எண்ணுள்ள பேருந்து சில்க் போர்டு வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்கிறது. கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஓசூர் சாலையில் இறங்கினால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் செல்லும் தமிழக அரசுப் பேருந்துகள் கிடைக்கும். நகரின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக் செல்லும் கே.ஐ.ஏ. 9 பேருந்தில் தவறி ஏறிவிட்டாலும் கலங்க வேண்டாம். அங்கிருந்து மெட்ரோவில் ஆர்.வி. ரோடு சென்று, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில் மாறினால் ஓசூர் சாலையிலுள்ள பொம்மசந்திரா வரை வந்துவிடலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி வரை டாக்சியில் வர விரும்பினால், கர்நாடக அரசு 2024 ஜனவரியில் அறிவித்த கட்டணத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள். பத்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு முதல் 4 கி.மீ.க்கு 100 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 24 ரூபாய். 54 கி.மீ. என்றால் 100 ரூபாயுடன் 50 கி.மீ.க்கு 1,200 ரூபாய் சேர்ந்து 1,300 ரூபாய் வரும். நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை பத்து சதவீதம் கூடுதல், சுங்கம் தனி, செயலி வழியாகப் பதிவு செய்தால் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

ரயிலைப் பொறுத்தவரை, ஓசூர் வழியாகச் சேலம் செல்லும் ரயில்கள் சில தருமபுரியில் நிற்கின்றன. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையமே இல்லை என்பதால் அந்த ஊர்க்காரர்கள் இவ்வழியை எண்ண வேண்டாம்.

பேருந்தில் ஏறும்போதே, ஊருக்குள் செல்லுமா, பைபாஸில் இறக்கிவிடுவார்களா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பைபாஸில்தான் இறங்க வேண்டும் என்றால், ஓசூரைத் தாண்டும்போதே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். நீங்கள் இறங்கும்போது இருசக்கர வண்டியோ ஆட்டோவோ அங்கே காத்திருக்கும்.