ஒரு தறி வீடு, மூன்று நாட்டுக் கணக்கு

இந்தியா, அமெரிக்கா, நேபாளம் என்று மூன்று நாட்டு வேலையின்மை விகிதத்தையும் ஒரே படத்தில் வரிசையாக நிறுத்த ஐந்து நிமிடம் போதும். மூன்றும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று பார்க்க அரை நாள் வேண்டும். சேலத்தில் பொருளியல் படிக்கிறவர்களும், செய்திக்கோ திட்ட அறிக்கைக்கோ இந்த எண்களை எடுக்கிறவர்களும் அந்த அரை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

தரவு தேடப் போகும் முன் ஒரு வீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறி வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவர் சொந்த விசைத்தறி ஓட்டுகிறார். மனைவி அவருக்குத் தார் (ஊடை நூல் சுருள்) சுற்றித் தருகிறார். வாரத்துக்குப் பத்து மணி நேரம், தனியாகக் கூலி கிடையாது. டிகிரி முடித்த மகன் வேலை கிடைத்தால் நாளைக்கே போவான். ஆனால் கடந்த ஒரு மாதமாக எங்கும் விண்ணப்பிக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. மாமியார் பக்கத்துத் துண்டு நிலத்தில் கம்பும் துவரையும் போடுகிறார். ஒரு படிகூட விற்பதில்லை, எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்கு.

இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வு, அதாவது பி.எல்.எஃப்.எஸ்., வார நிலைக் கணக்கில் கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று எண்ணும். கூலியில்லாத குடும்ப உதவியாளரும் அதில் சேர்த்தி, வீட்டு உபயோகத்துக்கு விளைவிப்பவரும் சேர்த்தி. வேலை தேடாவிட்டாலும் போகத் தயாராக இருந்தால் அவர் வேலையில்லாதவர். ஆக, மூவர் வேலையில், மகன் வேலையில்லாமல்: தொழிலாளர் படை (வேலையில் இருப்பவரும் வேலையில்லாதவரும் சேர்ந்தது) 4 பேர், வேலையின்மை 25 சதவீதம்.

அதே வீட்டை உலகத் தொழிலாளர் அமைப்பின் 19வது புள்ளியியலாளர் மாநாடு 2013இல் வகுத்த வரையறையில் எண்ணுங்கள். சொந்த உபயோகத்துக்கான உழைப்பு அங்கே ‘வேலை’ என்ற கணக்கில் வராது; மாமியார் வெளியே. தேடாதவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார், மகனும் வெளியே. மனைவி மட்டும் உள்ளே நிற்கிறார். தொழிலாளர் படை 2 பேர், வேலையின்மை பூஜ்யம். அமெரிக்க விதியில் கூலியில்லாத குடும்ப உதவியாளர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்திருக்க வேண்டும். பத்து மணி நேரம் தார் சுற்றியவரும் வெளியே போய்விடுவார். கணவர் ஒருவர்தான் மிச்சம்.

அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. பங்கேற்பு விகிதம், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் தொழிலாளர் படையில் என்பது மட்டும் 100, 50, 25 என்று மாறிவிட்டது. நாடுகளை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் இந்த நால்வரும் எங்கே போய் விழுகிறார்கள் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளியும்.

நாட்டளவில் இது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நேபாளம் சாட்சி. 2008 ஆய்வில் அங்கே பங்கேற்பு விகிதம் 83.4 சதவீதம், வேலையின்மை 2.1. புதிய வரையறையோடு நடந்த 2017–18 ஆய்வில் 38.5, 11.4. நேபாளம் பத்தே ஆண்டில் சோம்பேறியாகிவிடவில்லை. வீட்டுக்காகப் பயிரிட்டவர்கள் கணக்கை விட்டு வெளியேறியதால் வகுக்கும் எண் சுருங்கிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளைக் கோடு போட்டு இணைத்தால் அது பிழையான படம்.

சரியான தொடரை எடுப்பது

உலகத் தொழிலாளர் அமைப்பின் தரவுத்தளத்தில் ஒரே நாட்டுக்குப் பல தொடர்கள் (ஆண்டுவாரி எண் வரிசைகள்) இருக்கும். ‘மாதிரி மதிப்பீடு’ (modelled estimates) என்று குறித்தவை, ஆய்வு நடக்காத ஆண்டுகளையும் கணக்கிட்டு நிரப்பியவை. உலகப் போக்கைப் பார்க்க உதவும்; ஒரு நாட்டில் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரமாக வைக்காதீர்கள். ஆய்விலிருந்து நேராக வந்த எண்களிலும் 13வது மாநாட்டு வரையறை (1982), 19வது மாநாட்டு வரையறை என்று தனித்தனித் தொடர் உண்டு. இரண்டு நாட்டுக்கும் ஒரே வரையறையில் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒப்பீட்டைக் கைவிடுங்கள்.

வயதையும் பாருங்கள். அமெரிக்காவில் 16க்கு மேல், பெரும்பாலான நாடுகளில் 15க்கு மேல், ஐரோப்பிய ஒன்றிய வேலையின்மைக் கணக்கு 15 முதல் 74 வரை. பழைய இந்திய அட்டவணைகளில் ‘எல்லா வயதும்’ என்ற பத்தியைத் தெரியாமல் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. குழந்தைகளும் வகுக்கும் எண்ணில் வந்துவிடுவதால் பங்கேற்பு விகிதம் சரிந்து தெரியும்.

ஏற்காட்டுக்கு இரண்டு எண்

பி.எல்.எஃப்.எஸ்.இல் வழக்கமான நிலை, வார நிலை என்று இரண்டு கணக்கு வரும். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கிற ஒரு பெண் அறுவடைக் காலத்தில் 70 நாள் எஸ்டேட்டுக்குப் போகிறார், மற்ற மாதங்களில் தன் வீட்டு வேலை மட்டும். வழக்கமான நிலை 365 நாளைத் திரும்பிப் பார்க்கும். ஆண்டின் பெரும்பகுதி வீட்டில் இருந்தாலும், 30 நாளுக்குக் குறையாமல் உழைத்ததால் துணைநிலைத் தொழிலாளியாக அவர் எண்ணப்படுவார். ஆனி மாதத்தில் ஆய்வாளர் வந்து வார நிலை கேட்டால் அவர் கணக்கிலேயே இருக்கமாட்டார். இரண்டு பதிலும் உண்மை. ஆனால் பிற நாடுகள் பெரும்பாலும் ஒரு வாரத்தைத்தான் கேட்கின்றன. ஒப்பீட்டுக்கு வார நிலையை எடுங்கள். பருவ வேலை மிகுந்த ஊர்களுக்கு ஒரு மாத எண் போதாது, ஆண்டுச் சராசரி வேண்டும்.

கேள்வியைப் படியுங்கள்

இந்த வேலையை யாரும் செய்வதில்லை. எங்கள் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சிவதாபுரம் பக்கம் கொலுசுக்கு மணி கோர்த்துக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் “என்ன வேலைங்க பாக்கறீங்க?” என்று கேட்டால், “வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வீட்டுலதான் இருக்கேன்” என்பார். அடுத்த கேள்வி வேறு மாதிரி வரவேண்டும்: “போன வாரம் காசு வர்ற மாதிரி எதாச்சும் செஞ்சீங்களா அக்கா? மணி கோக்கறது, தார் சுத்தறது, கடையில ஒக்காந்து பாத்துக்கறது?” அப்போதுதான் “மணி கோத்துக் குடுப்பேனுங்க, ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னு தருவாங்க” என்று பதில் வரும். இப்படித் துருவும் கேள்வி படிவத்தில் இல்லாத நாட்டில் பெண்களின் பங்கேற்பு குறைந்தே பதிவாகும். அவருக்குப் பதிலாகக் கணவர் பதில் சொன்னால் இன்னும் குறையும். எனவே வினாத்தாளைத் தரவிறக்கி, துருவும் கேள்வி இருக்கிறதா, வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லலாமா என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிழை எவ்வளவு

‘சேலம் மாவட்டத்தில் வேலையின்மை 5 சதவீதம்’ என்று நீங்களே தரவிலிருந்து கணக்கிட்டு எடுத்திருந்தால், எத்தனை பேரிடம் கேட்டது என்று பாருங்கள். தொழிலாளர் படையில் 600 பேர் அகப்பட்டிருந்தால்: 0.05ஐ 0.95ஆல் பெருக்கி 600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 0.0089. தெருத்தெருவாகக் கொத்துக் கொத்தாக வீடுகளை எடுப்பதால் பிழை கூடும். அதற்கு வடிவமைப்பு விளைவு 2 என்று வைத்தால், அதன் வர்க்கமூலமான 1.41ஆல் பெருக்க 0.0126. 95 சதவீத இடைவெளிக்கு அதை 1.96ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.025, அதாவது 2.5 சதவீதப் புள்ளி. உண்மை விகிதம் 2.5க்கும் 7.5க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் 7 என்று வந்ததை வைத்துத் தலைப்புச் செய்தி எழுத முடியாது.

2025 ஜனவரி முதல் பி.எல்.எஃப்.எஸ். வீடுகளைத் தேர்ந்தெடுக்க மாவட்டத்தை அடிப்படை அடுக்காக வைத்து, கேட்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் கூட்டியிருக்கிறது. ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் போகிறார்கள். நல்ல மாற்றம். ஆனாலும் மாதச் செய்திக்குறிப்பு ஒரு மாவட்டத்துக்காக வடிவமைத்தது அல்ல. 2025க்கு முந்தைய எண்களோடு சேர்த்து வரைந்தால் இடையில் ஒரு புள்ளிக்கோடு போட்டு முறை மாறியதைக் காட்டுங்கள்.

தனிநபர் தரவை நீங்களே ஆராய்ந்தால் வெயிட் (ஒரு பதில் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறது என்ற எண்) போடாமல் ஒரு எண்ணும் எடுக்காதீர்கள். பழைய வடிவமைப்பில் ஒவ்வொரு பகுதியிலும் 8 வீடுகள்: இடைநிலைக் கல்வி முடித்தவர் மூவரோ அதற்கு மேலோ உள்ள வீடு 2, ஒருவரோ இருவரோ உள்ளது 4, யாருமே இல்லாதது 2. படித்தவர் வீடுகள் அளவுக்கு மேல் சேர்ந்திருப்பதால் வெயிட் இல்லாத வேலையின்மை வீங்கித் தெரியும். வார நிலையில் 81 என்ற குறியீடு வேலை தேடியவர், 82 என்பது தேடாமல் தயாராக இருந்தவர். வெளிநாட்டோடு ஒப்பிட 82ஐத் தொழிலாளர் படைக்கு வெளியே மாற்றி ஒருமுறை கணக்கிடுங்கள்; நம் தறி வீட்டு மகன் போய்ச் சேர்வது அந்தக் குறியீட்டில்தான்.

பதில் தராதவர்களையும் மறக்கக் கூடாது. பிரிட்டனில் 2023 ஜூலை–செப்டம்பரில் பதில் தந்தவர்கள் 17.3 சதவீதம்தான், புள்ளியியல் அலுவலகம் அந்த ஆய்வு எண்களை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்தி வைத்தது. வயது, பாலினம் பார்த்து வெயிட் சரிசெய்யலாம். ஆனால் வேலைக்குப் போனவர் வீடு பூட்டியிருக்கிறது, வீட்டில் இருப்பவர் கதவு திறக்கிறார் என்றால் அந்தக் கோணலை வெயிட் முழுதாக நிமிர்த்தாது.

எல்லாம் முடிந்ததும் படத்துக்குக் கீழே எழுத வேண்டிய குறிப்பு இந்த அளவுக்கு இருக்கட்டும்: “இந்தியா: 15 வயதுக்கு மேல், வார நிலை, ஆண்டுச் சராசரி, தேடாமல் தயாராக இருந்தவர்கள் நீக்கப்பட்டனர், வீட்டு உபயோக விளைச்சல் சேர்த்தி. அமெரிக்கா: 16 வயதுக்கு மேல், ஆண்டுச் சராசரி, 15 மணி நேரத்துக்குக் குறைந்த கூலியில்லாக் குடும்ப உழைப்பு நீக்கம். 95 சதவீத இடைவெளி பட்டையின் மேல் கோடாக.”