பிள்ளை கெட்டிக்காரி என்று ஊருக்குச் சொல்லும் முன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

முன்பள்ளிக்குப் போகிற பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படாத அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். பெருமைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. எதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம் என்பதில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். ஏ பி சி டி, நூறு வரை எண், ஒரு இங்கிலீஷ் பாட்டு என்று நாலு பேருக்கு முன்னால் காட்டக்கூடியது மட்டும் கண்ணில் படுகிறது. அதே பிள்ளை நேற்று முதல் முறையாகத் தானே சேட்டுத் தெறியைப் பூட்டியிருக்கும், அதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதலாவது தவறு, பிள்ளையை மேடை ஏற்றுவது. மேடை என்றால் கலைவிழா மேடை இல்லை, வட்ஸ்அப் வீடியோ. இங்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது, கனடாவில் பெரியப்பா அப்போதுதான் காலைத் தேத்தண்ணியோடு கதிரையில் இருக்கிறார். "பெரியப்பாக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு குஞ்சு." பிள்ளைக்கு நித்திரை வருகிறது, அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிக்கிறது. "காலமை முழுக்கப் பாடினவள் அண்ணை, இப்ப வெக்கப்படுறாள்." பிறகு சொக்லேட் தருவதாகப் பேரம், பிறகு ஒரு அதட்டல், கடைசியில் யாருக்கும் விளங்காமல் இரண்டு வரி. பாட்டு என்றால் சந்தோசம் என்றிருந்த பிள்ளைக்கு இப்போது அது கூலி வேலை.

இது சும்மா சொல்வதில்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு முன்பள்ளியில் படம் கீற ஆசையுள்ள பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கீறினால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொன்னார்கள், இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல் முடிவில் கொடுத்தார்கள், மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் தாங்களாகப் படம் கீறும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பாடி முடித்த பிள்ளைக்கு ஒரு சொக்லேட் கொடுப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது, "பாடினால்தான் தருவேன்" என்பதுதான் பிரச்சினை.

எண்ணுவதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. நூறு வரை மளமளவென்று சொல்கிற பிள்ளையிடம் "நாலு நெல்லிக்காய் எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். எண்களை வரிசையாக ஒப்புவிப்பது வேறு, நாலு என்றால் எவ்வளவு என்று அறிவது வேறு. இரண்டாவது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதளவில்தான் பிடிபடும். அதனால் நெல்லிக்காய் அள்ளி வந்த பிள்ளை மொக்கு இல்லை. ஆனால் சரியாக நாலைப் பொறுக்கி வைக்கிற நாள்தான் உண்மையில் பெருமைப்பட வேண்டிய நாள், அன்றைக்கு வீட்டில் ஒருவரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

எழுத்துக்கு வருவோம். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுத வைக்கிறார். அந்த வயதுக்கு அது எவ்வளவு பொருத்தமான வேலை என்று யாரும் யோசிப்பதில்லை: பெரிய தட்டு, விரல், கோடு பிழைத்தால் தடவி அழித்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கொப்பியும் பென்சிலும் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க "அ" எழுது என்று இருத்திவிடுகிறார்கள். பொதுவாகப் பிள்ளைகள் மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்துக் கீறுவார்கள், நான்கில் கூட்டல் குறி, அதன் பிறகு சதுரம், முக்கோணம் ஐந்து வயதளவில். "அ"வையும் "இ"யையும் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை வளைவு! கூட்டல் குறி இன்னும் ஒழுங்காக வராத கைக்கு அது பெரிய பாரம். களிமண் உருட்டுவது, மாவு பிசைவது, பூக் கோர்ப்பது, மணலில் கீறுவது எல்லாம் அந்தக் கைக்கான பயிற்சிதான். "உங்கட பிள்ளை இன்னும் எழுதத் தொடங்கேல்லையோ?" என்று ஒழுங்கையில் யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் முன்பள்ளி வரைக்கும் இறங்கிவந்திருக்கிற ஊர் இது.

இன்னொன்று, பிள்ளை தானே செய்யக்கூடியதை நாங்கள் செய்துவிடுவது. முச்சக்கரவண்டி வாசலில் நிற்கிறது, பிள்ளை செருப்பைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு நிற்கிறது, பொறுமை இல்லாமல் குனிந்து மாட்டிவிடுகிறோம். அம்மம்மா சோறு தீத்திவிடுகிறார், நாலு வயதிலும். கையால் எடுத்துச் சாப்பிடுவது, தெறியைக் கழற்றிப் பூட்டுவது, ஒற்றைக் காலில் துள்ளுவது, தன் முறை வரும் வரைக்கும் காத்திருப்பது எல்லாம் வளர்ச்சிதான். பத்து நிமிடம் முந்தி எழும்பினால் செருப்புப் பிரச்சினை தீரும். அம்மம்மா பிரச்சினைக்கு என்னிடம் மருந்து இல்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறவர்கள் பிறந்த திகதியை மறந்துவிடுகிறார்கள். முதலாம் வகுப்புக்குச் சேர்க்க அந்த வருடம் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் ஒரே தொகுதியில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளை மூத்தது, அடுத்த ஜனவரியில் பிறந்தது கிட்டத்தட்ட ஒரு வயது இளையது. நாலு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் கால்வாசி. விளையாட்டுப் போட்டியில் யார் முந்தி ஓடினார், யார் நடுவழியில் அம்மாவைக் கண்டு நின்றுவிட்டார் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

"நீ சரியான கெட்டிக்காரி" என்று சொல்வதைப் பற்றியும் ஒரு சொல். மூலர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் (அதில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், முன்பள்ளி இல்லை) புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் கடினமான புதிர் வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் நின்றார்கள். அதற்காகக் கெட்டிக்காரி என்ற சொல்லையே வீட்டில் தடைசெய்ய வேண்டாம். "கட்டை விழ விழத் திரும்ப அடுக்கினாய் என்ன!" என்று நீங்கள் கண்ணால் கண்டதையும் கூடவே சொல்லுங்கள்.

படம் போடுவது பற்றிச் சுருக்கமாக. முன்பள்ளிப் பெயர் அச்சடித்த சீருடையோடு பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடாதீர்கள். பகல் முழுக்க ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, இரவு நாவூறு பட்டுவிட்டது என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிற வீடுகளும் இருக்கின்றன, எனக்கு அது விளங்குவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறை இனித்தான் சொல்ல வேண்டும். பெருமை சில வேளை கண்ணை மறைத்துவிடும். போனில் பார்த்து இங்கிலீஷ் பாட்டு முழுவதையும் பிழையில்லாமல் பாடுகிற பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை என்றால், பாட்டை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளக்கூடாது. மூன்று வயதில் வெளியாளுக்கும் பெரும்பாலும் விளங்குகிற மாதிரிப் பிள்ளை கதைக்க வேண்டும். "தகப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்று காத்திருப்பதால் போவது பிள்ளையின் காலம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, அதையும் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். அந்தக் கொப்பியில் நிறைக் கோடு மட்டும் இல்லை, வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன, அதிகம் பேர் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. தேவை என்றால் அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், அங்கிருந்து பிள்ளை வைத்திய நிபுணரிடம். போகும்போது போனில் ஒரு வீடியோவும் இருக்கட்டும். பாடுகிற வீடியோ வேண்டாம், பிள்ளை தன்பாட்டில் விளையாடும்போதும் வீட்டு ஆட்களோடு கதைக்கும்போதும் எடுத்தது. ஆஸ்பத்திரியில் பயந்துபோய் வாய் திறக்காத பிள்ளையைப் பற்றி வைத்தியருக்கு அதுதான் அதிகம் சொல்லும்.